கோட்டையை வென்றவர் அபினியிடம் தோற்றார்!

இந்தியாவில் வெள்ளையர் ஆட்சிக்கு அடிக்கல் நாட்டியவர் ராபர்ட் கிளைவ். சரித்திரப் பாடம் படித்த எல்லோருக்கும் அவர் பெயர் தெரியும்.

அவர் பெரிய படைகளை வென்றார். ஆனால், வலிக்குச் சாப்பிட்ட மருந்தை அவரால் வெல்ல முடியவில்லை. அந்த மருந்து, அபினி!

சென்னைக்கு வந்த குமாஸ்தா

கிளைவ் 1725-ம் ஆண்டு செப்டம்பர் 29-ந் தேதி இங்கிலாந்தில் பிறந்தார். சிறு வயதில் முரட்டுப் பையன். பள்ளிக்கூடம் பல மாறினார்.

தகப்பனார் அவரைக் கிழக்கிந்தியக் கம்பெனியில் குமாஸ்தா வேலைக்குச் சேர்த்துவிட்டார். 1744-ம் ஆண்டு, 18 வயதில், சென்னையில் வந்து இறங்கினார்.

கொஞ்சம் சம்பளம். பழக ஆள் இல்லை. மனச்சோர்வு அவரைப் பிடித்துக்கொண்டது. அது கடைசி வரை அவரை விடவில்லை.

1746-ம் ஆண்டு பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தார்கள். கிளைவ் மாறுவேடத்தில் தப்பிக் கடலூர் போய்ச் சேர்ந்தார். பேனாவை வைத்துவிட்டு வாளை எடுத்தார்.

ஆர்க்காட்டு வீரர்

1751-ம் ஆண்டு. 200 வெள்ளையர், 300 சிப்பாய்கள். இவ்வளவுதான் கிளைவின் படை. இதைக் கொண்டு ஆர்க்காட்டுக் கோட்டையைப் பிடித்தார். சந்தா சாகிபின் மகன் பெரும்படையுடன் வந்து கோட்டையை வளைத்துக்கொண்டான். சுமார் 50 நாள் முற்றுகை. கோட்டை விழவில்லை!

அந்த வெற்றியால் நவாப் முகமது அலியின் கை ஓங்கியது. பிறகு நவாபும் கம்பெனியும் தெற்கே இருந்த பாளையங்களிடம் கப்பம் கேட்டார்கள். 1783-ம் ஆண்டு, மேற்கு மலை அடிவாரத்தில் உள்ள சிவகிரியைக் கம்பெனிப் படை தாக்கியது. ஆர்க்காட்டில் மூண்ட தீயின் அனல் சிவகிரி வரை வந்தது.

ஆனால் அதைப் பார்க்கக் கிளைவ் உயிரோடு இல்லை.

வயிற்றில் ஒரு வலி

1757-ம் ஆண்டு ஜூன் 23-ந் தேதி பிளாசிப் போரில் கிளைவ் வென்றார். வங்காளம் கம்பெனியின் கைக்குள் வந்தது. கிளைவ் பெரும் பணக்காரர் ஆனார். பிரபு பட்டமும் கிடைத்தது.

கிடைக்காதது ஒன்றுதான். உடல் சுகம்! கடுமையான வயிற்று வலி அவரை வாட்டியது. பித்தப்பைக் கல் காரணமாக இருக்கலாம் என்று கருதப்படுகிறது. அந்தக் காலத்தில் வைத்தியர்களுக்குத் தெரிந்த பெரிய வலி மருந்து அபினி ஒன்றே. கிளைவும் அதைச் சாப்பிட்டார். வலி அடங்கியது.

ஆபத்து அங்கேதான் ஆரம்பமாயிற்று. அபினிக்கு உடம்பு பழகிவிடும். நேற்றைய அளவு இன்று போதாது. அளவைக் கூட்ட வேண்டும். திடீரென்று நிறுத்தினாலோ வலி, வியர்வை, வாந்தி, தூக்கமின்மை எல்லாம் சேர்ந்து வரும்.

அபினி குடலின் அசைவையும் குறைக்கும். அதனால் மலச்சிக்கல் உண்டாகும். வயிற்று வலிக்காரருக்கு அது இன்னொரு வலி. மருந்தே நோயை வளர்க்கும்!

கிளைவ் மீது வேறு இடியும் விழுந்தது. இந்தியாவில் அவர் சேர்த்த பணம் பற்றி 1772, 1773-ம் ஆண்டுகளில் பார்லிமெண்டு விசாரித்தது. முடிவில் அவருடைய சேவையைப் பாராட்டியது. ஆனால் மனம் உடைந்தது உடைந்ததுதான்.

1774-ம் ஆண்டு நவம்பர் 22-ந் தேதி லண்டனில் தமது வீட்டில் கிளைவ் மாண்டார். வயது 49. அளவு மீறிய அபினியா, தாமே தேடிக்கொண்ட முடிவா என்பது இன்றும் தீராத வழக்கு. அவரைப் புதைத்த இடத்தில் பெயர் கூடப் பொறிக்கவில்லை.

அதற்கு முந்தைய ஆண்டுதான், வங்காளத்து அபினி வியாபாரம் முழுவதையும் கம்பெனி தன் கையில் எடுத்துக்கொண்டது. கிளைவ் பிடித்துக் கொடுத்த மண்ணில் விளைந்த சரக்கு அது!

வரமும் உண்டு, வினையும் உண்டு

கிளைவ் இறந்து சுமார் 30 ஆண்டுகளுக்குப் பிறகு, செர்டூர்னர் என்ற ஜெர்மானியர் அபினியிலிருந்து மார்பினைப் பிரித்தெடுத்தார். மார்பின், கோடீன், டிரமடால் எல்லாம் இந்த வகை மருந்துகளே. புற்றுநோய் வலியில் துடிப்பவருக்கு மார்பின் பெரிய வரம். அதனால்தான் 1985-ம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் 2014-ல் திருத்தப்பட்டு, நோயாளிகளுக்கு இது கிடைக்கும் வழி எளிதாக்கப்பட்டது. டாக்டர் எழுதிக் கொடுத்தால் பயந்து ஒதுக்க வேண்டியதில்லை.

ஆனால் அளவு மீறினால் மூச்சு மெல்ல மெல்லக் குறையும். நின்றும் போகும்.

ஆகவே, வலி தீரவில்லை என்று நாமாக ஒரு மாத்திரை கூட்டக்கூடாது. மதுவுடனோ, தூக்க மாத்திரையுடனோ சேர்க்கக்கூடாது. ஒருவருக்குக் கொடுத்ததை இன்னொருவர் சாப்பிடக்கூடாது. குழந்தைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வைக்க வேண்டும். நீண்ட நாள் சாப்பிட்டவர் திடீரென்று நிறுத்தாமல், டாக்டரைக் கேட்டுப் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

சாப்பிட்டவர் எழுப்பினாலும் எழாமல், மூச்சு மந்தமாகி, உதடு நீலம் பூத்தால், உடனே 108-க்குப் போன் செய்ய வேண்டும். இதற்கு நாலாக்சோன் என்ற மாற்று மருந்து இருக்கிறது. நேரத்தோடு கொடுத்தால் உயிர் பிழைக்கும்.

கிளைவிடம் பணம் இருந்தது, பட்டம் இருந்தது, வைத்தியர்களும் இருந்தார்கள். இந்த மாற்று மருந்து மட்டும் அன்று இல்லை. இன்று அது இருக்கிறது. அளவு சொல்ல டாக்டரும் இருக்கிறார். அவர் சொன்ன அளவே அளவு!