ஆலன் டூரிங்கும் பாதரசக் குழாயும்

இக்காலத்துக் கணிப்பொறிகள் தம் தற்காலிக நினைவைப் பெரும்பாலும் நுண்ணிய மின்தேக்கிகளில் மின்னூட்டமாக வைத்துக்கொள்கின்றன. அம்மின்னூட்டம் ஓட்டைக் குடத்து நீர்போலக் கசிதலின், ஒரு விநாடியின் ஆயிரத்தில் 64 பங்குக்குள் அதனைப் படித்து மீட்டும் நிரப்ப வேண்டியுள்ளது. மின்தேக்கியை மேலும் சிறிதாக்குதல் அரிதாகிவருதலால், அதனை அறவே நீக்கிய நினைவகங்களை வகுக்க அறிஞர் முயல்கின்றனர். இம்முயற்சி முற்றும் புதிதென்றே யாமும் எண்ணியிருந்தோம். ஆயின் மின்தேக்கியின்றிப் பாதரசத்தையும் ஒலியையும் கொண்டு நினைவகம் அமைத்த காலம் ஒன்று முன்னரே இருந்தது. அக்காலத்து முன்னின்றோருள் ஒருவர் ஆலன் டூரிங்.

இவர் 1912-ஆம் ஆண்டு ஜூன் 23-ஆம் நாள் லண்டன் மாநகரிற் பிறந்தார். தந்தையார் சென்னை மாகாணத்தில் ஐ.சி.எஸ். உத்தியோகம் வகித்தவர். தாயார் எதெல் சாரா கோயம்புத்தூரை அடுத்த போத்தனூரில் 1881-இல் பிறந்தவர். அவருடைய தந்தையார் மதராஸ் ரயில்வேயின் தலைமைப் பொறியாளர். பெற்றோர் நம் நாட்டில் இருக்க, ஆலனும் தமையன் ஜானும் இங்கிலாந்தில் அயலார் இல்லத்தில் வளர்ந்தனர். பள்ளியில் இவருக்கு வாய்த்த உயிர்த்தோழர் கிறிஸ்டபர் மார்கம் 1930-இல் இளமையிலேயே இறந்துபட்டார். மனம் பருப்பொருளோடு எங்ஙனம் பிணைந்துள்ளது என்னும் வினா அன்றுதொட்டு இவர் உள்ளத்தை விட்டு அகலவில்லை.

கேம்பிரிட்ஜில் கணிதம் பயின்ற டூரிங், 1936-இல் ஓர் அரிய கட்டுரை எழுதினார். அதில் அவர் கற்பனை செய்த பொறிக்கு நினைவாக அமைந்தது முடிவற்றதொரு நாடா. கற்பனைப் பொறிக்கு நாடா எத்துணை நீளமாயினும் செலவில்லை! மெய்ப்பொறி கட்டப் புகும்போதுதான் இடர்ப்பாடு தோன்றும். போர்க்காலத்தில் பிளெட்ச்லி பார்க்கில் பகைவர்தம் மறைமொழிகளை விடுவித்த செய்தி பலரும் அறிந்ததே, அதனை விரித்திலோம்.

1945 அக்டோபரில் டெடிங்டனிலுள்ள தேசிய பௌதிக ஆய்வுக்கூடத்திற் சேர்ந்த டூரிங், சில மாதங்களுக்குள் ‘ஏஸ்’ என்னும் கணிப்பொறிக்கு முழு வரைவும் எழுதி முடித்தார். செலவு 11,200 பவுன் ஆகும் எனவும் மதிப்பிட்டார். அவ்வரைவின் நடுநாயகம் நினைவகமே. பாதரசத்தை அதற்குக் கொள்ளும் உபாயம் அவர் கண்டதன்று. ராடார் வேலையிற் பழகிய அமெரிக்கப் பொறியாளர் எக்கர்ட் என்பார் வகுத்தது. அது வருமாறு:

ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் நீளமுள்ள குழாயில் பாதரசம் நிரப்பி, இரு முனையிலும் குவார்ட்ஸ் பளிங்குத் துண்டுகளை வைப்பர். மின்துடிப்பு ஒரு பளிங்கை அதிரச் செய்யும். அவ்வதிர்வு ஒலியாகப் பாதரசத்தினூடே செல்லும். மறுமுனைப் பளிங்கு அதனை மீட்டும் மின்துடிப்பாக்கும். தேய்ந்துபோன அத்துடிப்பை வால்வுகள் திருத்தி முதல் முனைக்கே அனுப்பும். ஒலி இக்குழாயைக் கடக்க ஒரு விநாடியின் ஆயிரத்திலொரு பங்கு செல்லும். விநாடிக்குப் பத்து இலட்சம் வீதம் துடிப்புகளை விடுத்தால், ஏறத்தாழ ஆயிரம் துடிப்புகள் ஒரே குழாயில் வரிசையாகச் சென்றுகொண்டிருக்கும். நின்ற இடத்தில் நிற்கும் எண் ஒன்றும் அதில் இல்லை. ஓடுதலே அதற்கு நினைவு. மின்சாரம் நின்றால் அனைத்தும் மறந்துபோம்.

வெப்பம் மாறின் ஒலியின் வேகமும் மாறும். ஆதலின் குழாய்களை ஒரே வெப்பநிலையிற் காத்தல் வேண்டும். நீரும் சாராயமும் தக்க அளவிற் கலந்த கலவையில் அறையின் வெப்பத்தில் இம்மாறுதல் இராது என்று கணக்கிட்ட டூரிங், பாதரசத்துக்குப் பதில் ‘ஜின்’ மதுவே போதும் என்றாராம். மதுவிலக்குச் சங்கத்து நண்பர்கள் பொறுத்தருள்வாராக.

இவையினும் பெரிய குறை காத்திருத்தல். வேண்டிய எண் வேண்டும்போது குழாயின் வாயிலில் இராது. அது சுற்றிவரும் வரை பொறி வாளாவிருத்தல் வேண்டும். ஓர் எண்ணைக் கூட்டும் நேரத்தினும் அக்காத்திருப்பு நெடிது. டூரிங் தம் பிற்கால வரைவுகளில், அடுத்த கட்டளை எங்குளது என்பதை ஒவ்வொரு கட்டளையிலும் எழுதுவித்தார். ஒரு வேலை முடியும் கணத்தில் மறு கட்டளை வாயிலில் வந்து நிற்குமாறு இதனால் அடுக்கலாம். நிகழ்ச்சிநிரல் எழுதுவோர்க்கு இது பெருந்தொல்லை, பொறிக்கோ பெருவேகம். மனிதன் சுமையேற்றுப் பொறியை விரைவித்தல் தகுமோ என்று பின்வந்தோர் வினவினர். அக்காலத்துக்கு அதுவே தகும் என்பது எம் கருத்து.

வரைவு விரைந்தது, கட்டடவேலை விரையவில்லை. தக்க மின்பொறியாளர் இன்றி மாதங்கள் கழிந்தன. மனம் சலித்த டூரிங் 1947-இல் விடுப்பில் கேம்பிரிட்ஜ் சென்று, 1948-இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்திற் சேர்ந்தார். அங்கோ வில்லியம்ஸ் என்பார், கதோட்-கதிர்க் குழாயின் திரையில் மின்னூட்டப் புள்ளிகளாக நினைவை வைத்து, அவ்வாண்டு ஜூன் 21-இல் ஒரு பொறியை ஓட்டிவிட்டார். ‘பைலட் ஏஸ்’ என்னும் சிறு வடிவம் டெடிங்டனில் 1950 மே 10-இல் முதன்முதல் ஓடியபோது, அதனை எண்ணியெழுதியவர் அவ்வாய்வுக்கூடத்தில் இல்லை.

1952-இல், ஆடவர் ஒருவரோடு கொண்ட உறவைக் குற்றமெனக் கொண்டு நீதிமன்றம் அவரைத் தண்டித்தது. சிறைக்கு மாற்றாக ஹார்மோன் மருந்து செலுத்தப்பட்டது. 1954 ஜூன் 7-இல் சயனைடு நஞ்சினால் இறந்தார்; தற்கொலையென்று விசாரணை முடிந்தது. வயது 41. அரச மன்னிப்பு 2013-இல் வந்தது. அன்பே பெரிதென்று கற்பிக்கும் சமயத்தைச் சார்ந்த யாம் இவ்வாண்டுகளைத் தலைகுனிந்தே எழுதுகின்றோம்.

பைலட் ஏஸ் இன்று லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் உள்ளது. மகனுடைய வாழ்க்கை வரலாற்றைப் போத்தனூரிற் பிறந்த அத்தாயார் தாமே எழுதி 1959-இல் வெளியிட்டார்.