அறுந்தது ஒட்டுமா? – ஜான் ஹண்டரின் வாழ்க்கை

உங்க கணுக்காலுக்குப் பின்னாடி கையை வச்சுப் பாருங்க. குதிகாலுக்கு மேலே கயிறு மாதிரி ஒன்று தட்டுப்படுதா? குதிகால் நரம்பு என்று பலர் சொல்வார்கள். ஆனால் அது நரம்பு இல்லை! கெண்டைக்கால் தசையைக் குதிகால் எலும்போடு இணைக்கும் தசைநாண். பெயர் அக்கிலிஸ் தசைநாண். கபடியிலும் நீளம் தாண்டுதலிலும் நாம் உந்தி எழுவதற்கு இதுதான் உதவுகிறது. இது அறுந்துபோனால்? தன் காலிலேயே அதை அனுபவித்த ஒரு மருத்துவரின் கதை இது.

ஜான் ஹண்டர் 1728-ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தில் பிறந்தார். பத்துப் பிள்ளைகளில் கடைக்குட்டி. பள்ளிப் படிப்பில் நாட்டம் இல்லை. பறவை, பூச்சி, செடி என்று வெளியில் சுற்றுவதே பிடிக்கும். 1748-இல், 20 வயதில், லண்டனில் இருந்த அண்ணன் வில்லியம் ஹண்டரிடம் போனார். அண்ணன் உடற்கூறு கற்பிக்கும் பள்ளி நடத்தி வந்தார். இறந்தவர்களின் உடலை அறுத்துப் பாடத்துக்குத் தயார் செய்வது தம்பியின் வேலை. புத்தகத்தில் வராத ஆர்வம் இங்கே வந்துவிட்டது.

பிறகு ராணுவ மருத்துவர் ஆனார். 1761-இல் பிரான்சின் பெல் ஈல் தீவில் போர். குண்டு பட்ட காயத்தைக் கத்தியால் இன்னும் பெரிதாக்கிக் கிளறுவது அன்றைய வழக்கம். ஆனால் காயத்தோடு ஒளிந்திருந்த சில பிரெஞ்சு வீரர்களுக்கு, எந்த வைத்தியமும் இல்லாமலே புண் நன்றாக ஆறியிருந்தது. ஹண்டர் யோசித்தார். உடம்பு தானாகவே தன்னைச் சரிசெய்யுதே, நாம ஏன் கெடுக்கணும்?

1767-இல் அவருடைய அக்கிலிஸ் தசைநாணே அறுந்துவிட்டது. நுனிக்காலில் துள்ளிக் குதித்தபோது நடந்த விபத்து. அப்போது வயது 39. அவர் படுத்துக்கிடக்கவில்லை. கட்டுப் போட்டு, குதிகாலைத் தூக்கி வைத்த காலணியுடன் நடந்தார். கால் தேறியது. ஆனால் உள்ளே என்ன நடக்குதுன்னு தெரியணுமே! சில நாய்களின் தசைநாணை, தோலில் சிறு துளை வழியாக அறுத்தார். வெவ்வேறு காலத்தில் அவற்றைக் கொன்று உள்ளே பார்த்தார். முறிந்த எலும்பு கூடுவது போலவே, அறுந்த இரு முனைகளுக்கும் நடுவே புதுத் திசு வளர்ந்து இணைத்திருந்தது. பின்னாளில் 1831-இல் ஜெர்மனியின் ஸ்ட்ரோமையர், கோணல் பாதத்தைச் சரிசெய்ய, தோலில் சிறு துளை மட்டும் போட்டு இதே தசைநாணை வெட்டினார். அது மறுபடி கூடிக்கொள்ளும் என்ற அறிவே அந்தச் சிகிச்சைக்கு அடிப்படை.

அம்மை குத்துதலைத் தந்த எட்வர்ட் ஜென்னர் இவருடைய மாணவர்தான். வெறுமனே யோசிக்காமல் செய்து பார் என்பதே ஹண்டர் அவருக்குச் சொன்ன அறிவுரை.

அவரிடம் குறையும் உண்டு, மறைக்க வேண்டாம். சார்லஸ் பைர்ன் என்ற மிக உயரமான அயர்லாந்துக்காரர், தன் உடலைக் கடலில் புதைக்க வேண்டும் என்று விரும்பினார். 1783-இல் அவர் இறந்ததும் ஹண்டர் பணம் கொடுத்து உடலை வாங்கி, எலும்புக்கூட்டைக் காட்சிக்கு வைத்தார். 2023-இல் லண்டன் ஹண்டேரியன் அருங்காட்சியகம் மறுபடி திறந்தபோதுதான் அது காட்சியிலிருந்து நீங்கியது. அறிவுத் தாகம் பெரிசுதான். ஆனா அடுத்தவரோட சம்மதம் அதைவிடப் பெரிசு இல்லையா?

1793 அக்டோபர் 16 அன்று, மருத்துவமனைக் கூட்டத்தில் நடந்த வாக்குவாதத்தின்போது இதய நோயால் மயங்கி விழுந்து இறந்தார். 1859-இல் அவர் உடல் வெஸ்ட்மின்ஸ்டர் அபேக்கு மாற்றப்பட்டது.

அவர் கேட்ட கேள்வி மட்டும் இன்னும் முடியவில்லை. தசைநாணில் ரத்த ஓட்டம் குறைவு. அதனால் மெதுவாக ஆறும். ஆறினாலும் தழும்புத் திசுவாகவே ஆறும், பழைய வலு முழுசா வராது. இப்போது விஞ்ஞானிகள் எக்சோசோம்களை ஆராய்கிறார்கள். இவை செல்கள் வெளியே அனுப்பும் நுண்ணிய பைகள். அளவு சுமார் 30 முதல் 150 நானோமீட்டர். ஒரு செல் இன்னொரு செல்லுக்குப் போடும் கடிதம் மாதிரி! ஸ்டெம் செல்களிலிருந்து எடுத்த எக்சோசோம்களை எலிகளின் காயம்பட்ட தசைநாணில் செலுத்திய சோதனைகளில் வீக்கம் குறைந்து, இழைகள் ஒழுங்காக வளர்ந்தன. மனிதர்களுக்கு இது உறுதியாகவில்லை. அதற்குள் விற்பனை தொடங்கிவிட்டதால், 2019-இல் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் மக்களை எச்சரித்தது.

எனவே நண்பர்களே, விளையாட்டில் குதிகாலில் சுரீர்னு வலித்தால் மறைக்காதீங்க. ஆசிரியரிடம் சொல்லுங்க, மருத்துவரைப் பாருங்க. ஆறுவதற்கு உடம்புக்கு நேரம் கொடுங்க. யாராவது அதிசய ஊசி என்று சொன்னால், ஹண்டரைப் போல, சோதித்துப் பார்த்தாச்சா என்று கேளுங்க!