சர் தாமஸ் மன்றோ

கிளாஸ்கோ நகரில் 1761-ஆம் ஆண்டு பிறந்த தாமஸ் மன்றோ, 1780-இல் கும்பினிப் பட்டாளத்தில் சேர்ந்து சென்னைக்கு வந்தார். 1792 முதல் ஏழாண்டுகள் சேலம், பாராமகால் பிரதேசங்களில் காப்டன் ரீடின் உதவியாளராய்க் கிராமந்தோறும் சென்று, குடிகளிடம் விசாரித்து, நிலவரி விதிக்கும் நெறியை வேலையிலேயே கற்றார். இரயத்துவாரி முறை அவ்வனுபவத்தில் வேரூன்றியதே. பின்னர்க் கடப்பை, பல்லாரிச் சீமைகளின் பிரதான கலெக்டராய் விளங்கினார்.

தாம் தேறிய வழி இந்தியருக்கு அடைபட்டிருத்தல் தகாதென அவர் கண்டார். 1816-ஆம் ஆண்டுச் சட்டங்களால் இந்தியர் ஜில்லா முன்சீப்புகளாய் அமர்ந்தது பெரிதும் அவர் முயற்சியாலாம். 1820-இல் சென்னைக் கவர்னரானார். உயர்பதவிகளை ஒப்படையாது கல்வி மட்டும் அளித்தால் ஒரு ஜனத்தின் ஆளுந்திறன் வளராதென 1824-இல் எழுதி வற்புறுத்தினார். 1827-இல் சுற்றுப்பிரயாணத்தின்போது பத்திகொண்டாவில் வாந்திபேதியால் மாண்டார்.

நாளை பிறரை நடத்தும் நிலையடையும் நாமும், நமக்குக் கீழுள்ளோர் ஆராய்ந்து முடிவு செய்ய இடமளிக்கக் கடவோம்.