தம் புத்தகத்தைத் தாமே சுமந்து விற்ற பஷீர்



சென்ற மாதம் ஒரு நாள், லாரியிலிருந்து சரக்கு இறக்கும் நேரம், ஜொகூர் பாருவில் உள்ள என் மளிகைக் கடைக்கு ஒரு வாலிபர் வந்தார். தோளில் பை, பை நிறையப் புத்தகம். தாம் எழுதிய சிறுகதைகளைச் சொந்தப் பணத்தில் அச்சிட்டிருப்பதாகவும், ஐந்து பிரதிகளைக் கடையில் வைத்து விற்றுத் தரவேண்டும் என்றும் கேட்டார். நாளைக்கு வரும்படி சொல்லி அனுப்பிவிட்டேன். அவர் முகம் வாடியதைக் கண்டும் காணாதவன் போல் கணக்கு நோட்டைப் புரட்டினேன். இரவு கடையைப் பூட்டும்போதுதான் வைக்கம் முகம்மது பஷீர் நினைவுக்கு வந்தார். அன்னாரின் சரித்திரத்தைச் சகோதரர்கள் யாவரும் அறியவேண்டும் என்று இதை எழுதுகிறேன்.

மலையாளத்தில் கதை எழுதிப் பெரும்பெயர் பெற்ற மர்ஹூம் பஷீர், 1908-ல் வைக்கத்தை அடுத்த தலையோலப்பரம்பில் பிறந்தார். தகப்பனார் மர வியாபாரி. ஈ.வெ.ரா. பெரியார் சிறை சென்றாரே, அந்த வைக்கம் சத்தியாக்கிரகம் நடந்தபோது பஷீர் பள்ளிச் சிறுவர். அங்கு வந்த காந்திஜியைக் கூட்டத்தில் புகுந்து கையால் தொட்டுவிட்டார். அந்தத் தொடுதல் அவரைச் சும்மா இருக்கவிடவில்லை. 1930-ல் படிப்பை விட்டு, வீட்டை விட்டு, கோழிக்கோடு சென்று உப்பு சத்தியாக்கிரகத்தில் சேர்ந்தார். போலீசாரிடம் அடிபட்டு, கண்ணூர்ச் சிறையில் இருந்தார்.

பிறகு பல ஆண்டுகள் நாடு நாடாக அலைந்தார். சமையல் செய்தார், பழம் விற்றார், பத்திரிகை விற்றார், காவல்காரராக இருந்தார், கப்பலில் வேலை பார்த்தார். நம் பாட்டனார்கள் கப்பலேறி இங்கு வந்து பட்ட பாட்டை நினைத்தால், பஷீர் பட்ட பாடு நமக்குப் புரியும்.

ஊர் திரும்பியபின் விளையாட்டுச் சாமான் கம்பெனி ஒன்றுக்கு ஏஜண்டாகச் சைக்கிளில் சுற்றினார். சைக்கிளிலிருந்து விழுந்து அடிபட்டதில் அந்த வேலையும் போயிற்று. எர்ணாகுளத்தில் 'ஜயகேசரி' என்னும் பத்திரிகையின் ஆசிரியரிடம் வேலை கேட்டுப் போனார். வேலை இல்லை, கதை எழுதித் தந்தால் பணம் தரலாம் என்று பதில் வந்தது. பஷீர் எழுதினார். 1937-ல் அந்தக் கதை அச்சேறியது. பசி எழுதவைத்த முதல் கதை அது.

திருவிதாங்கூர் ஆட்சியை எதிர்த்து எழுதியதால் 1940-களின் தொடக்கத்தில் மீண்டும் சிறை. சிறைக்குள்ளே 'பிரேமலேகனம்' என்ற சிறிய நாவலை எழுதினார். 1943-ல் அது புத்தகமாயிற்று. மறு வருடமே சமஸ்தானம் அதற்குத் தடை போட்டது.

இனிதான் வியாபாரிகளாகிய நாம் கவனிக்கவேண்டிய விஷயம். பஷீர் தம் புத்தகங்களைத் தாமே வெளியிட்டார். பிரதிகளைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக நடந்து விற்றார். எழுதிய கையால் விற்பது கௌரவக் குறைவு என்று அவர் எண்ணவில்லை. பின்னர் எர்ணாகுளத்தில் புத்தகக் கடையும் வைத்தார். முதலில் 'சர்க்கிள் புக் ஹவுஸ்', அதன்பின் 'பஷீர் புக் ஸ்டால்'. எழுத்தாளரே கல்லாவில் உட்கார்ந்தார்!

1945-ல் 'ஜன்மதினம்' என்ற சிறுகதைத் தொகுதி வந்தது. பிறந்த நாளன்று ஒரு வேளைச் சோற்றுக்கு வழியின்றித் திண்டாடும் எழுத்தாளனின் கதை அதில் உண்டு. படித்தவர்கள் அது வெறும் கற்பனை அல்ல என்று உடனே தெரிந்துகொள்வார்கள்.

பண்டிதர் நடையில் அவர் எழுதவில்லை. முஸ்லிம் வீட்டு அடுப்படியில் உம்மாமார் பேசும் பேச்சையே எழுதினார். 1951-ல் வந்த 'என்டுப்பாப்பாக்கு ஒரு ஆனையுண்டார்ந்நு' என்ற நாவல், பாட்டனார் யானை வைத்திருந்ததைச் சொல்லிச் சொல்லியே பெருமையடித்த குடும்பத்தைப் பற்றியது. பழம்பெருமை பேசும் நமக்கும் அதில் பாடம் இருக்கிறது. 'பாத்தும்மாவின் ஆடு' கதையில், அவருடைய புத்தகங்களையே ஆடு தின்றுவிடுகிறது. அதையும் சிரித்துக்கொண்டேதான் சொல்கிறார்.

கஷ்டப்பட்டு நடந்தவருக்குக் காலம் கடந்து கௌரவம் வந்தது. 1970-ல் சாகித்ய அகாதெமியின் சிறப்பு உறுப்பினர், 1982-ல் பத்மஸ்ரீ. தமிழிலும் ஆங்கிலத்திலும் அவர் நூல்கள் வந்திருக்கின்றன. கோழிக்கோட்டை அடுத்த பேப்பூரில் தம் வீட்டு முற்றத்து மங்குஸ்தான் மரத்தடியில், நாம் மங்கீஸ் என்போமே அந்த மரத்தடியில், சாய்வு நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். தேடி வந்தவர்களோடெல்லாம் பேசுவார். 1994 ஜூலை 5-ல் காலமானார்.

சகோதரர்களே! அன்று வீடு வீடாக நடந்த பஷீரிடம் ஒரு பிரதி வாங்கியவர்களின் பெயர் எங்கும் எழுதப்படவில்லை. ஆனால் அவர்கள் கொடுத்த சில்லறைதான் அடுத்த புத்தகத்துக்குக் காகிதமாயிற்று. புத்தகம் அழுகும் சரக்கு அல்ல. கல்லாப்பெட்டியின் பக்கத்தில் ஒரு சாண் இடம் போதும்.

என் கடைக்கு வந்த வாலிபர் மறுநாள் வரவில்லை. இதுவரையிலும் வரவில்லை. பெயரைக்கூட நான் கேட்டு வைக்கவில்லை. உங்களில் யார் கடைக்கேனும் அவர் வந்தால், நாளைக்கு வரும்படி சொல்லாதீர்கள். ஐந்து பிரதி வாங்கி வையுங்கள். பிறகு அவரை என் கடைக்கும் அனுப்பி வையுங்கள். பத்துப் பிரதி எடுத்துக்கொண்டு, பணத்தை அப்போதே கொடுத்துவிடுகிறேன்.