வெப்பத்தின் வழி கண்டவர்

என் தாத்தா கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளி. ஆழம் செல்லச் செல்லப் பாறை சுடும் என்பார். 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கிய சுரங்கம் அது, 2001-இல் மூடப்பட்டது. மண்ணுக்குள் வெப்பம் எவ்வாறு நடக்கிறது என்ற வினாவை என் நெஞ்சில் விதைத்தவர் தாத்தா. விடை தந்தவர் பிரெஞ்சு அறிஞர் ஜோசப் ஃபூரியர்.

1768-இல் ஓசேர் நகரில் தையற்காரர் மகனாகப் பிறந்தார் ஃபூரியர். பத்து வயதளவில் தாய் தந்தை இருவரையும் இழந்தார். கணிதமே துணையாயிற்று. புரட்சிக் காலத்தில், 1794-இல், சிறையும் கண்டார். 1798-இல் நெப்போலியனோடு எகிப்து சென்றார். திரும்பியபின் கிரனோபிளில் ஆட்சிப் பொறுப்பேற்றார். அலுவல்களுக்கிடையே வெப்பத்தை ஆராய்ந்தார். 1807-இல் அவர் பாரிசு அறிஞர் அவைக்கு அளித்த கட்டுரையை லாக்ரான்ஜ் போன்ற பெரியோர் ஏற்கவில்லை. அவர் சோர்ந்தாரில்லை. 1822-இல் நூலாகவே வெளியிட்டார்.

கோடை வெப்பம் மண்ணில் இறங்க இறங்கக் குறையும், காலந்தாழ்த்தியே சேரும் என்று அவர் சமன்பாடு காட்டிற்று. கீழிருந்து எழும் சுரங்கச் சூட்டுக்கும் விதி அதுவே. சைபீரியாவிலும் நம் லடாக் மலைகளிலும் ஆண்டு முழுதும் உறைந்து கிடக்கும் மண் எவ்வளவு ஆழம், எப்போது இளகும் என இன்று கணிப்போர், பனி உருகக் கொள்ளும் வெப்பத்தையும் சேர்த்து, அச்சமன்பாட்டையே கையாள்கின்றனர். அம்மண் இளகினால், அதில் புதைந்த கரி வளியாகி உலகை மேலும் சூடாக்கும். காற்றுமண்டலம் புவியின் வெப்பத்தைக் காப்பதைப்பற்றி 1824-இலேயே எழுதியவரும் ஃபூரியரே. 1830-இல் மறைந்தார்.

தோழர்களே! லைன் வீட்டிலிருந்து வந்த எனக்கு, உயர்கணிதம் நம்மவர்க்கும் உரியதா என்ற ஐயம் இருந்தது. தையற்காரர் மகன் அதைத் தீர்த்தார்.