நாடகத் தலைவர் பம்மல் சம்பந்த முதலியார்

கூத்தாடி என்னும் சொல்லை நம்மூர்களில் வசைமொழியாக வழங்குவதை நாம் அனைவரும் கேட்டிருக்கின்றோம். தருமபுரிப் பக்கத்தில் திரௌபதியம்மன் திருவிழாக் காலத்தே, விடியுமளவும் கண்விழித்துப் பாரதக் கூத்தைக் கண்டு கண்ணீர் உகுப்போரே, படுகளம் முடிந்த மறுநாள் தம் மகன் அரிதாரம் பூச விரும்புகின்றான் என்று கேட்பின் சினந்து எழுகின்றனர். கலையை விரும்புதலும் கலைஞனை இகழ்தலுமாகிய இம்முரண் இன்று நேற்றுத் தோன்றியதன்று. இதனை மாற்றுதற்கு எழுபதாண்டுகட்கு மேலாக உழைத்த ஒரு பெரியாரின் சரித்திரத்தை நம் சங்கத்து அன்பர்களுக்கு ஈண்டுச் சுருங்க உரைப்பாம்.

சம்பந்த முதலியாரவர்கள் 1873ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் முதல் நாள் சென்னையிற் பிறந்தார். பம்மல் என்பது பல்லாவரத்தை அடுத்துள்ள ஓர் ஊரின் பெயர். அது அவர்தம் குடிப்பெயராய் அமைந்தது. தந்தையார் விசயரங்க முதலியார் ஆசிரியராகவும், பள்ளிகளை மேற்பார்க்கும் அதிகாரியாகவும் இருந்தவர். தமிழ் நூல்களைப் பதிப்பித்தவருமாவர். ஆச்சாரப்பன் வீதியிலிருந்த அவர்கள் இல்லத்தில் புத்தகங்கள் நிறைந்திருந்தன. தாயார் மாணிக்கவேலு அம்மையார் கூறிய புராணக் கதைகள் இளமையிலேயே அவர் உள்ளத்தில் வேரூன்றின.

எனினும், தமிழ் நாடகத்தின்பால் அவருக்கு முதலில் மதிப்பு இருந்திலது. அக்காலத்து நாடகங்கள் இரவு முழுவதும் நிகழும்; பாட்டுக்கள் மிகுதி; உரையாடலோ குறைவு. ஆதலின் அவர் அவற்றைக் காணவும் விரும்பாதிருந்தார். 1891ஆம் ஆண்டில், பல்லாரி கிருஷ்ணமாசார்லு என்னும் வழக்கறிஞர் தம் சபையாருடன் சென்னைக்கு வந்து தெலுங்கு நாடகங்களை நடத்தினார். கற்றோரும் உத்தியோகத்தில் உள்ளோரும் வேடம் புனைந்து கண்ணியமாக நடித்ததைக் கண்ட இளைஞர்க்கு ஓர் எண்ணம் உதித்தது. தெலுங்கில் இயல்வது தமிழில் ஏன் இயலாது என்பதே அது. அவ்வாண்டு ஜூலை மாதம் முதல் நாள், நண்பர் சிலருடன் கூடிச் சுகுண விலாச சபையைத் தோற்றுவித்தார். அப்பொழுது அவருக்கு வயது பதினெட்டே.

சபை தோன்றியபின் நாடகங்கள் வேண்டுமன்றோ? அவற்றையும் அவரே இயற்றினார். லீலாவதி சுலோசனா, மனோகரா, இரண்டு நண்பர்கள், சபாபதி முதலாகத் தொண்ணூற்றுக்கு மேற்பட்ட நாடகங்கள் அவர் கையினின்றும் வந்தன. ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் தமிழில் அமலாதித்யனாயிற்று. வெனிஸ் நகரத்து வணிகன் வாணிபுர வணிகனானான். இந்நாடகங்களிற் பெரும்பாலானவை உரைநடையில் அமைந்தவை. பாட்டினைக் குறைத்து, பேச்சினாலேயே உணர்ச்சியைப் புலப்படுத்துதல் அவர் கண்ட நெறி. விடிய விடிய நீண்டதனைச் சில மணி நேரத்துள் அடக்கியதும் அவர் செய்த சீர்திருத்தமேயாம்.

அவர் நாடகத்தையே பிழைப்பாகக் கொண்டவரல்லர். சட்டம் பயின்று வழக்கறிஞரானார். 1924 முதல் 1928 வரை சென்னைச் சிறுவழக்கு நீதிமன்றத்தில் நீதிபதியாகவும் அமர்ந்தார். நீதிபதியான காலத்தும் நாடகத்தைக் கைவிட்டிலர். வேடம் புனைவதால் ஒருவனுடைய பெருமை குறையாது என்பதைச் சொல்லால் நாட்டாது தம் வாழ்க்கையால் நாட்டினார். அவரைக் கண்டு கற்றோர் பலர் சபையிற் சேர்ந்தனர். தேசத் தலைவர் சத்தியமூர்த்தி அவர்களும் அம்மேடையில் மனோகரனாக நடித்தவரேயாவர். பெண் வேடத்திற் புகழ்பெற்ற ரங்கவடிவேலு அவர்கள் பல்லாண்டு அவருடன் நடித்தார். அவ்வுயிர்த்தோழர் இடையிலேயே மறைந்தது முதலியாரவர்களைப் பெரிதும் வாட்டிற்று.

சங்கம் நடத்தும் நாம் இவரிடம் கற்கத்தக்கன மூன்று. முதலாவது, காலந்தவறாமை, குறித்த வேளையில் திரை உயர்தல் வேண்டும் என்பதில் அவர் உறுதியுடையவர். இரண்டாவது, ஒத்திகை, எத்துணைத் தேர்ந்தவராயினும் பயிற்சியின்றி மேடையேறுதலை அவர் விரும்பியதில்லை. மூன்றாவது, உரிமையைக் காத்தல். தம் நாடகங்களைப் பிற குழுவினர் ஆடுங்கால் அனுமதி பெற்றுக் கட்டணம் செலுத்துதல் வேண்டுமென்றார். எழுதுவோனுக்கும் கூலி உண்டு என்பதை நாடக உலகிற்கு உணர்த்தினார்.

குறைகளையும் மறைத்தல் கூடாது. அவர் சபையில் நெடுங்காலம் ஆடவரே பெண் வேடம் புனைந்தனர். நகரத்துக் கற்றோர்க்கு அவர் மேடை அமைத்தாரேயன்றி, நாட்டுப்புறத்துக் கூத்தர்க்கு அச்சபை இடமாகவில்லை. ஊர்தோறும் பயிலும் நாடகத்தை வளம்படுத்தியவர் அவர் காலத்தவராகிய தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள். இருவரையும் சேர்த்து எண்ணும்போதே தமிழ் நாடக வரலாறு நிறைவுறும்.

முதலியாரவர்கள் தம் அனுபவங்களை நாடக மேடை நினைவுகள் என்னும் பெயரால் ஆறு பாகங்களாக எழுதிவைத்தார். 1936இல் வெளிவந்த மனோகரா திரைப்படத்தில் அரசனாகத் தோன்றினார். 1959இல் அரசாங்கத்தார் பத்மபூஷண் விருதளித்துச் சிறப்பித்தனர். 1964ஆம் ஆண்டு செப்டம்பர் 24ஆம் நாள், தொண்ணூற்றோராம் வயதில் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

அடியேனிடம் பயின்ற மாணவன் ஒருவன், ஐந்து செய்யுளை மனனம் செய்ய இடர்ப்படுவான். ஆயினும் கூத்தில் அபிமன்யு பேசும் பேச்சு முழுவதையும் ஒரு சொல்லும் பிறழாது ஒப்புவிப்பான். தந்தையார் அடித்து, கூத்துக் கொட்டகைப் பக்கம் போகாதபடி செய்தார். அதன்பின் அவனுக்குச் செய்யுளும் வந்திலது, கூத்தும் போயிற்று. அக்காலத்து அத்தந்தையாரிடம் சென்று இச்சரித்திரத்தைக் கூறாது வாளாவிருந்தேனே என்னும் வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

ஆதலின் பெற்றோர்களே, நும் மக்கள் மேடையேற விரும்பின் வசைகூறித் தடுக்கவேண்டா. கல்வியும் கலையும் ஒருங்கு செல்லும் என்பதற்கு முதலியாரவர்களே சான்று. நம் சங்கத்து ஆண்டு விழாவில் நம் இளைஞரே ஒரு நாடகத்தை முறையாகப் பயின்று, குறித்த வேளையில் தொடங்கி நடத்துவராயின், அதுவே அப்பெரியார்க்கு நாம் செலுத்தும் நன்றிக்கடனாகும்.