அண்டைக் கோபுரத்தைப் பார்க்கக் கற்பித்தவர்

நம் பள்ளிக் கணினி அறையில் புதிய கணினி ஒன்றை வலையமைப்பில் இணைத்தால் அது முதலில் என்ன செய்யும் தெரியுமா? கடல் கடந்து செய்தி அனுப்ப வேண்டியிருந்தாலும், முதலில் தன் அண்டையில் இருப்பது யார் என்றே அது தேடும். குறிப்பிட்ட முகவரிக்கு உரியவர் யார் என்று அங்குள்ள எல்லாக் கருவிகளையும் கேட்கும். உரிய கருவி மட்டும் விடை தரும். அந்த விடையைச் சிறிது காலம் நினைவில் வைத்திருந்து, பின்பு மீண்டும் கேட்டு உறுதி செய்துகொள்ளும். அண்டையை அறிந்தால்தான் தொலைவை எட்ட முடியும் என்ற இந்த உண்மையை, மின்சாரத் தந்தியும் இல்லாத காலத்தில் செயலில் காட்டிய ஒரு மேதையின் வாழ்க்கையை இங்கு காண்போம். அவர்தாம் குளோட் ஷாப்பே.

பிரான்சு நாட்டில் புருலோன் என்னும் சிற்றூரில், 1763ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள், கிறிஸ்து பிறப்புத் திருநாளன்று ஷாப்பே பிறந்தார். அவருடைய பெரிய தந்தையார் முறையினர் ஒருவர் புகழ்பெற்ற வானியல் அறிஞர். திருச்சபைப் பணிக்கென வளர்க்கப்பட்ட ஷாப்பே, அதன் வழி கிடைத்த வருவாயைக் கொண்டு அறிவியல் சோதனைகளில் ஈடுபட்டார். 1789இல் பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. அவருடைய வருவாய் நின்றது. ஊர் திரும்பிய அவர் மனம் தளரவில்லை. தம் சகோதரர்களைச் சேர்த்துக்கொண்டு, தொலைவில் உள்ளவர்க்கு விரைவாகச் செய்தி அனுப்பும் வழியை ஆராயத் தொடங்கினார்.

1791 மார்ச் 2ஆம் நாள், புருலோனிலிருந்து சுமார் 15 கி.மீ. தொலைவிலுள்ள பார்சே என்னும் ஊருக்கு அவர்கள் அனுப்பிய செய்தி வெற்றியுடன் சென்று சேர்ந்தது. ஆனால் பாரிசில் அவருக்குச் சோதனை காத்திருந்தது. அங்கு அவர் அமைத்த கருவியைக் கண்ட மக்கள், சிறையிலிருந்த அரச குடும்பத்தாருக்கு இரகசியச் செய்தி அனுப்பும் சூழ்ச்சி என்று ஐயுற்று அதை அழித்துவிட்டனர். வேறொருவராயின் அத்துடன் விட்டிருப்பார். ஷாப்பேயோ மீண்டும் முயன்றார். சட்டமன்ற உறுப்பினராயிருந்த அவருடைய அண்ணன் இக்னாஸ் துணை நின்றார். 1793 ஜூலை 12ஆம் நாள் மூன்று நிலையங்களுக்கிடையே நடந்த சோதனையில் அவர் வென்றார். அரசும் அவருடைய திட்டத்தை ஏற்றது.

அவருடைய கருவி எளியது. உயர்ந்த கோபுரத்தின் மேல் ஒரு நீண்ட மரச்சட்டம். அதன் இரு முனைகளிலும் இரண்டு சிறு கைகள். இவற்றைத் திருப்பிப் பலவகை வடிவங்களைக் காட்டலாம். ஒவ்வொரு வடிவமும் ஒரு குறியீடு. கோபுரத்தில் இருக்கும் பணியாளர், ஒரு பக்கத்துக் கோபுரத்தைத் தொலைநோக்கியால் பார்த்து, அதே வடிவத்தைத் தாமும் காட்டுவார். பின்பு மறுபக்கம் திரும்பி, அடுத்த கோபுரம் அதைச் சரியாகத் திருப்பிக் காட்டுகிறதா என்று கவனிப்பார். அதன் பிறகே அடுத்த குறியீட்டுக்குச் செல்வார். செய்தியின் பொருள் அவருக்குத் தெரியாது. குறியீட்டு நூல் இயக்குநர்களிடம் மட்டுமே இருந்தது. அவருடைய கடமையெல்லாம் இரு அண்டைக் கோபுரங்களையும் கண்ணிமைக்காமல் பார்ப்பதுதான். மூடுபனி சூழ்ந்து பார்வை மறைந்தால் அதைத் தெரிவிக்கவும் தனிக் குறியீடு உண்டு.

1794இல் பாரிசுக்கும் லீல் நகருக்கும் இடையே, 200 கி.மீ.க்கு மேற்பட்ட தொலைவுக்கு, 15 நிலையங்கள் எழுந்தன. அவ்வாண்டு ஆகஸ்டில், எல்லைப்புறக் கோட்டை நகராகிய கோந்தே எதிரிகளிடமிருந்து மீட்கப்பட்ட செய்தி, ஒரு மணி நேரத்துக்குள் தலைநகரை எட்டியது. நாடே வியந்தது! பிற்காலத்தில் இத்தகைய கோபுரங்கள் 500க்கும் மேலாகப் பெருகின. 1850களில் மின்சாரத் தந்தி பரவும் வரை அவை நாட்டுக்குத் தொண்டாற்றின.

ஆனால் இத்துணைப் புகழும் ஷாப்பேக்கு அமைதியைத் தரவில்லை. இந்தக் கண்டுபிடிப்பு தம்முடையதே என்று வேறு சிலர் உரிமை கொண்டாடினர். அப்பழி அவர் உள்ளத்தைப் புண்படுத்தியது. உடல் நலமும் குன்றியது. மனச்சோர்வு என்னும் மூடுபனி அவரைச் சூழ்ந்தது. 1805 ஜனவரி 23ஆம் நாள், தமது 41ஆம் வயதில், அவர் தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டார். அவர் தொடங்கிய பணியைச் சகோதரர்கள் தொடர்ந்து நடத்தினர்.

இவ்விடத்தைப் படித்தபோது என் கண்கள் கலங்கின. பக்கத்துக் கோபுரத்தில் பனி மூடியதா என்று பார்க்க ஒரு நாட்டுக்கே கற்பித்தவர் அவர். அவர் மனத்தில் பனி மூடியதை அருகிலிருந்தோர் கண்டார்களா?

இன்று கணினிகளை இணைக்கும் வழிகாட்டிக் கருவிகளும், குறித்த நேரத்துக்கு ஒருமுறை தம் அண்டைக் கருவிக்கு ஒரு சிறு வணக்கம் அனுப்புகின்றன. விடை வராவிட்டால் ஏதோ தவறு நேர்ந்தது என்று உணர்ந்துகொள்கின்றன. உயிரற்ற கருவிகளுக்கே இத்தனை அக்கறை இருக்கும்போது நமக்கு எவ்வளவு இருக்க வேண்டும்! நம் வகுப்பில் பக்கத்து இருக்கையில் அமர்ந்திருக்கும் தோழி, சில நாட்களாகப் பேசாமல் இருக்கிறாளா? நாம் வணக்கம் சொன்னால் விடை தருகிறாளா? தொலைதூரத்தில் உள்ளவர்களுடன் ஒரு நொடியில் பேசும் வசதி பெற்ற நாம், முதலில் அவள் பக்கம் திரும்பிப் பார்ப்போம். துயரம் நம்மைச் சூழும்போது, நாமும் அதை மறைக்காமல் பெற்றோரிடமோ அருட்சகோதரியரிடமோ ஆசிரியையிடமோ கூறுவோம். பனி சூழ்ந்தது என்று சொல்வதற்கும் ஷாப்பேயின் கோபுரங்களில் ஒரு குறியீடு இருந்ததை மறவாதிருப்போம்.

— பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு மாணவி